ஒரே ஒரு முள்தான்!

ஒரு காட்டில், ஆறு திரும்பும் முனையில், ஒரு வளையும் அதற்கு நேர் எதிரே ஒரு புதரும் இருந்தன. வளையில் வேலம்மாள் என்கிற முள்ளம்பன்றி குடியிருந்தாள். புதரில் பவளம் என்கிற முயல் குடியிருந்தாள். வளையின் வாசலில் நின்றால் புதருக்குள் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும். வேலம்மாள் பாதி நாள் அந்த வாசலில்தான் நிற்பாள்.

பவளம் புதுப் புல் கொண்டுவந்து படுக்கை போட்டால், வேலம்மாளுக்கு அன்று தூக்கம் வராது. பவளத்தின் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், வேலம்மாளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி வேலம்மாளுக்கு என்னதான் குறை? கேளுங்கள் பிள்ளைகளே, ஒரு குறையும் இல்லை. முதுகு நிறைய முள். அவளைக் கண்டால் சிறுத்தைகூட நாலடி தள்ளித்தான் நடக்கும். அந்தக் காட்டில் பொழுது சாய்ந்த பிறகு பயமில்லாமல் தன்னந்தனியாக நடக்கிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தன் முதுகு தன் கண்ணுக்குத் தெரியாதே! எதிர்ப்புதர்தானே தெரியும்!

ஆடி மாதம் வந்தால் ஆற்றில் வெள்ளம் கரை தொட்டு ஓடும். நடு ஆற்றில் நாவல் திட்டு என்று ஒரு மணல் தீவு. அப்போது அங்கே மரமெல்லாம் பழம் கனிந்து, தரையே கறுத்துக் கிடக்கும். ஆமையார் மூங்கிலால் பெரிய தெப்பம் கட்டி, அதன் கயிற்றைத் தம் ஓட்டில் மாட்டிக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு தடவை எல்லாரையும் அங்கே இழுத்துப் போவார். போக ஒரு பகல், திட்டில் ஓர் இரவு, திரும்பி வர ஒரு பகல். கட்டணம் நாற்பது வள்ளிக்கிழங்கு.

அந்த ஆடியில் ஒரு நாள் காலையில் பவளம் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“வேலக்கா! வேலக்கா! நாளன்னைக்கு நான் தெப்பத்துல போறேன்!”

வேலம்மாளுக்குத் திக்கென்றது. “நீயா? உனக்கு ஏதுடி நாற்பது கிழங்கு?”

“ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு எடுத்து வெச்சேன் அக்கா. நீங்ககூடச் சிரிச்சீங்களே, ‘கிழங்கைத் தின்னாம புதைச்சு வைக்கிறாளே, பைத்தியம்’னு!”

சிரித்தது உண்மைதான். அந்த நாற்பது நாளும் வேலம்மாள் தோண்டிய கிழங்கையெல்லாம் தோண்டிய இடத்திலேயே தின்று ஏப்பம் விட்டிருந்தாள்.

“ரொம்பச் சந்தோஷம்டி. பத்திரமாப் போயிட்டு வா” என்று வாய் சொன்னது. வயிறு எரிந்தது. காதில் புகை வராத குறைதான். பவளமாவது, தெப்பத்தில் போவதாவது! நான் போகாத இடத்துக்கு அவள் போய்விட்டு வந்து, ஒரு வருஷம் பூராவும் அந்தக் கதையை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

நின்ற காலோடு ஆற்றங்கரைக்கு ஓடினாள்.

“ஆமையாரே! நாற்பது ரொம்ப அநியாயம். எனக்கு நிழல் வேண்டாம். பலகாரம் வேண்டாம். பாட்டு வேண்டாம். அதையெல்லாம் கழிச்சுக்கிட்டு ஒரு விலை சொல்லுங்க.”

ஆமையார் எதையும் நிதானமாகத்தான் சொல்லுவார். “கழிக்கிறதும் இல்லம்மா, கூட்டுறதும் இல்ல. ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் நான் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். நீங்களும் எதுக்கு எவ்வளவுன்னு கேக்க வேண்டாம். போக, வர, தின்ன, தூங்க, எல்லாத்துக்கும் சேர்த்து நாற்பது.”

“இருபது?”

“நாற்பது.”

பின்னாலேயே ஒரு காட்டுப்பன்றி கிழங்குக் கூடையோடு மூச்சு வாங்க வந்து நின்றது. “தாத்தா, சாப்பாடு கேக்கக் கேக்க உண்டா?” என்றது. “உன் வயிறு போதும்கிற வரைக்கும் உண்டு” என்றார் ஆமையார். பன்றி வேறு பேச்சே பேசவில்லை. கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலம்மாள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். மூங்கில் தோப்புக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பார்த்தால், நரியார்!

“அம்மணி, முகம் ஏன் வாடியிருக்கு? தெப்பத்துல போகணுமா? நம்மகிட்டயும் ஒரு தெப்பம் இருக்கே!”

“உங்ககிட்டயா? கட்டணம் எவ்வளவு?”

“கட்டணமா? உங்ககிட்டப் போயி நான் அதிகமாக் கேப்பேனா? ஒரு முள்.”

“என்னது?”

“ஒரே ஒரு முள்தான். வீட்டைச் சுத்தி வேலி கட்டலாம்னு இருக்கேன். உங்க முதுகுல எத்தனை கிடக்கு! ஒண்ணு போனா தெரியவா போகுது? மறுபடி முளைக்கிற சாமான்தானே?”

வேலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் பவளத்தின் புதருக்குப் போனாள். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடுமே!

“அடியே பவளம்! நானும் திட்டுக்குப் போறேன். எனக்குத் தனித் தெப்பம். எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு முள்! நீ நாற்பது நாள் வயித்தைக் கட்டிச் சேர்த்தியே, உன்னை நெனச்சா பாவமா இருக்குடி!”

பவளத்தின் காது இரண்டும் தொங்கிப் போயின. “ஒரு முள்ளா அக்கா?” என்றாள் மெல்ல.

அந்தத் தொங்கின காதைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள் வேலம்மாள். அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

புறப்படும் நாள் வந்தது. ஆமையாரின் தெப்பம் நிறையக் கூட்டம். நரியாரின் தெப்பத்தில் வேலம்மாள் மட்டும்தான். நரியார் ஒரு முள்ளைப் பறித்து ஓரமாக வைத்துவிட்டு, நீளமான மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். வேலம்மாள் ராணி மாதிரி உட்காரப் போனாள்.

“ஆங்! அம்மணி, அம்மணி! அங்க உட்காரக் கூடாது.”

“ஏன்?”

“ஒரு முள்ளுங்கிறது நின்னுக்கிட்டு வர்றதுக்கு. உட்கார்ந்தா ரெண்டு முள் தனி.”

“இதை அன்னைக்கே சொல்லலையே?”

“நீங்க கேக்கலையே?” என்றார் நரியார். “பரவாயில்ல, நின்னுக்கிட்டே வாங்க. நல்லாத்தான் இருக்கும்.”

வேலம்மாள் நின்றுகொண்டுதான் போயிருப்பாள். ஆனால் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில், ஆமையாரின் தெப்பம் போகிறதே! அதில் பவளம் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளே! இந்த இடத்தில் ஒன்று கவனியுங்கள் பிள்ளைகளே. ஆறு எவ்வளவோ அகலம். நரியார் எங்கே வேண்டுமானாலும் ஓட்டியிருக்கலாம். ஆனாலும் வேலம்மாளின் கண்ணை விட்டுப் பவளம் மறையாதபடி, பார்த்துப் பார்த்து, அந்தத் தெப்பத்தை ஒட்டியே ஓட்டினார்.

“எடுத்துக்கோங்க ரெண்டு!” என்று முதுகைக் காட்டினாள் வேலம்மாள். சுருக்கென்று வலித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியது. ஆமையாரின் தெப்பத்தில் பனையோலைப் பந்தலை விரித்தார்கள்.

“அக்கா! உங்களுக்கு வெயில் அடிக்கலையா?” என்று பவளம் அங்கேயிருந்து கத்தினாள்.

“நான்தான் பந்தல் வேண்டாம்னு சொன்னேன்! இப்ப விரிக்கச் சொல்றேன் பாரு!” என்று வேலம்மாள் பதிலுக்குக் கத்தினாள்.

நரியார் ஓலையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். “நாலு முள்” என்றார் பணிவாக.

மத்தியானம் ஆயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து தேன் வாசனை வந்தது. பவளம் இரண்டு கையிலும் ஏதோ வைத்துக்கொண்டு நின்றாள். “அக்கா! தேனும் தினைமாவும் பிசைஞ்சு உருண்டை குடுத்தாங்க! உங்களுக்கும் குடுத்தாங்களா?”

வெறும் வயிறு வேலம்மாளுக்கு. ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? “ஓ! குடுத்தாங்களே! எனக்கு ரெண்டு தடவை குடுத்தாங்க!”

பவளம் தன் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தாள். மறுபடியும் வேலம்மாளைப் பார்த்தாள்.

“அம்மணி” என்றார் நரியார், காதோரமாக வந்து. “ரெண்டு தடவைன்னு சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கு. ஒண்ணு எடுத்து வரவா, ரெண்டா?”

“ஒண்ணு எவ்வளவு?”

“அஞ்சு முள்.”

“...ரெண்டு.”

பத்து முள் போயிற்று. உருண்டை சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. ஆனால் வேலம்மாள் அதை ஊரே பார்க்கிற மாதிரி மென்று மென்று தின்றாள்.

கொஞ்ச தூரத்தில், இடது கரையில் யானைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. ஒரு குட்டி யானை சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தது. பவளமும் பன்றியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலம்மாள் கழுத்தைத் திருப்பினாள். பந்தல் ஓலை மறைத்தது.

“ஓலையை விலக்கணுமா? மூணு முள்” என்றார் நரியார். “போட்டது தனி, விலக்குறது தனி.”

அதையும் கொடுத்தாள். அதற்குள் யானைகள் கரையேறிப் போய்விட்டன.

பிறகு ஆமையாரின் தெப்பத்தில் தவளைகள் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தன. நல்ல பாட்டு! வேலம்மாள் தன்னை மறந்து தலையாட்டினாள்.

“ரெண்டு முள்” என்றார் நரியார்.

“எதுக்கு? பாட்டு அவங்க தெப்பத்துலதானே பாடுறாங்க?”

“பாடுறது அங்கதான். கேக்குறது என் தெப்பத்துல உட்கார்ந்துல்ல? வேண்டாம்னா காதைப் பொத்திக்கோங்க. ஆனா, பவளம் இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டிருக்கா. நீங்க காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பா?”

என்ன நினைப்பாள்! அதுதானே வேலம்மாளின் கவலையெல்லாம்! கொடுத்துவிட்டாள். மேற்கொண்டு நரியார் விலை சொல்லக்கூட இல்லை. பவளம் இருக்கிற பக்கம் கையை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். பவளம் பூமாலை போட்டிருந்தால் வேலம்மாளுக்கும் பூமாலை. பவளம் தண்ணீரில் கால் நனைத்தால் வேலம்மாளும் கால் நனைப்பாள். ஒரு கால் நனைக்க ஒரு விலை, இரண்டு கால் நனைக்க வேறு விலை. பிடிபிடியாகப் பறித்த முள்ளை நரியார் கட்டாகக் கட்டி வைத்தார். வேலம்மாள் அந்தக் கட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. முதுகில் சில்லென்று காற்றுப் பட்டது. பிறந்ததிலிருந்து அவள் முதுகில் காற்றுப் பட்டதே இல்லை.

‘ஆத்துக் காத்து என்ன சுகமா இருக்கு!’ என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் நாவல் திட்டு தெரிந்தது. ஆமையாரின் தெப்பம் முன்பக்கத் துறையில் ஒதுங்கியது.

“அங்க ஒரே கூட்டம், நெரிசல்” என்றார் நரியார். “பின்பக்கமா உங்களுக்குன்னே தனித் துறை வெச்சிருக்கேன். ஒரு ஈ காக்கா வராது. பவளத்துக்கெல்லாம் அது கனவுலகூடக் கிடைக்காது. பத்து முள்.”

பவளத்துக்குக் கிடைக்காதாம்! வேறென்ன வேண்டும்? “எடுத்துக்கோங்க!” என்றாள்.

தனித் துறையில் இறங்கினார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மூன்று பக்கம் தாழம்புதர். யாருமே இல்லை. நரியார் தெப்பத்தை இழுத்துக் கட்டிவிட்டு, முள் கட்டை இறக்கி மணலில் போட்டுவிட்டு, நிதானமாக வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“ஆச்சு. பயணம் முடிஞ்சுது.”

“முடிஞ்சுதா? நாளைக்குத் திரும்பிப் போகணுமே?”

“திரும்பிப் போறதைப் பத்தி நான் எப்பச் சொன்னேன்? ஒரு முள்ளுங்கிறது வர்றதுக்கு மட்டும்தான். போறது தனி.”

“அதுக்கு எத்தனை?”

“இன்னும் எத்தனை இருக்கு?”

வேலம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் வெறும் தோல். அங்கங்கே ரத்தப் புள்ளி. வாலில் மட்டும் மூன்றே மூன்று முள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“நரியாரே... இதெல்லாம் உங்க வீட்டு வேலிக்குத்தானே?”

“என் வீட்டுக்கு எதுக்கு வேலி? என்னைத் தின்ன யாரு வரப் போறா?” நரியார் உதட்டை நக்கிக்கொண்டார். இவ்வளவு நேரமும் ‘அம்மணி, அம்மணி’ என்றவர், இப்போது சொன்னார்: “அந்த மூணையும் குடுத்துடு. வாயில குத்தும்.”

வேலம்மாள் வாலை உதறினாள். முன்பெல்லாம் அவள் வாலை உதறினால் நூறு முள் கலகலவென்று சத்தம் போடும், சிறுத்தை நின்றுவிடும். இப்போது காய்ந்த இலை மிதிபட்ட மாதிரிச் சின்னதாக ஒரு சத்தம்தான் வந்தது. நரியார் சிரித்தார்.

கத்த வேண்டும். கத்தினால் முன்பக்கத் துறைக்குக் கேட்கும். ஆனால் கத்தினால் பவளம் வருவாளே! வந்து இந்த மொட்டை முதுகைப் பார்ப்பாளே! ஐயோ, நம்ப மாட்டீர்கள் பிள்ளைகளே, சாகப் போகிற நேரத்திலும் அவளுக்கு அந்த நினைப்புதான் முதலில் வந்தது. நரியாரின் பல் பக்கத்தில் வந்து பளபளத்த பிறகுதான் தொண்டை திறந்தது.

“பவளம்! அடி பவளம்! என்னைக் காப்பாத்துடீ!”

தாழம்புதர் மடமடவென்று முறிந்தது. முதலில் வந்தது காட்டுப்பன்றி. வாயெல்லாம் நாவல் பழச் சாயம். “தின்ன விடமாட்டீங்களாடா நிம்மதியா?” என்று உறுமிக்கொண்டு, கொம்பு மாதிரி இருந்த தன் பல்லை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. நரியார் தம் தெப்பத்துக்குத் தாவினார். முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, கழியைக்கூட எடுக்காமல் வெள்ளத்தோடு போய்விட்டார்.

முள் கட்டு மணலில் கிடந்தது. பறித்த முள்ளை மறுபடி நட முடியாதே! வேலம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பவளம் ஓடி வந்தாள். பார்த்தாள். தன் கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றி, ரத்தம் கசிந்த முதுகின் மேல் மெதுவாகப் போர்த்தினாள்.

மறுநாள் காலையில் ஆமையாரின் தெப்பம் திரும்பப் புறப்பட்டது. வேலம்மாள் கரையிலேயே நின்றாள். “எனக்கு எவ்வளவு ஆமையாரே?” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

“பவளம் தன் இடத்துல பாதி உங்களுக்குன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்க? ஏறுங்க” என்றார் ஆமையார்.

ஒரே இடத்தில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு பவளம் சொன்னாள்:

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. நேத்துப் பூராவும் எனக்கு உங்க மேல ஒரே பொறாமை. ஒரு முள்ளுக்கு உங்களுக்குத் தனித் தெப்பம், ரெண்டு தடவை உருண்டை! நாற்பது நாள் பட்டினி கிடந்து நான் ஏமாந்துட்டேனேன்னு ஒரே அழுகையா வந்துச்சு. கையில வெச்சிருந்த உருண்டையை நான் தின்னவே இல்ல அக்கா. பன்றி அண்ணனுக்குக் குடுத்துட்டேன்.”

வேலம்மாளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அந்த உருண்டை சுண்டைக்காய் அளவுதாண்டி இருந்துச்சு” என்றாள் கடைசியில். “ரெண்டுக்கும் பத்து முள் குடுத்தேன்.”

மத்தியானம் ஆனதும் ஆமையார் சொல்லியனுப்பிய தேன் தினை உருண்டைகள் வந்தன. பவளம் தன்னுடையதைச் சரிபாதியாகப் பிட்டு வேலம்மாளிடம் கொடுத்தாள். வேலம்மாள் வாங்கிக்கொண்டாள். வாயில் போடப் போகும்போது, எதிரே காட்டுப்பன்றி கையில் வைத்திருந்த உருண்டை கண்ணில் பட்டது. அது முழு உருண்டை. அதுவும் மற்ற எல்லாருடையதையும்விடக் கொஞ்சம் பெரிதாக இருந்த மாதிரி தெரிந்தது.

“ஏன், அதுக்கு மட்டும்...” என்று வாயைத் திறந்தாள் வேலம்மாள்.

முதுகில் சில்லென்று காற்றுப் பட்டது.

திறந்த வாயில் பாதி உருண்டையைப் போட்டுக்கொண்டாள்.

நீதி: பொறாமை, ஏறுவதற்கு என்ன விலை என்று மட்டும்தான் கேட்கும், இறங்குவதற்கு என்ன விலை என்று கேட்க மறந்துவிடும்.